இத்தாலிய வினைச்சொற்களில் அசைப்பிரிப்பும் உறுப்புப்பிரிப்பும்

முன்னுரை

ஒரு சொல்லைப் பிரித்துக் காண்டல் மொழியாராய்ச்சியின் முதற்பணியாகும். ஆயின் எதன்பொருட்டுப் பிரிக்கின்றோம் என்பதை முன்னரே வரையறுத்துக் கொள்ளாது பிரிப்போமாயின், கிடைக்கும் துண்டுகள் ஒலித்துண்டுகளா, பொருட்டுண்டுகளா என்பது விளங்காது போம். வாயால் ஒலிக்குங்கால் சொல் பிரியும் இடம் ஒன்று. பொருள் நோக்கிப் பகுக்குங்கால் பிரியும் இடம் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் பிறமொழி கற்பார்க்கு எளிதில் உண்டாவது. இம்மயக்கத்தை நீக்குதற்கு இத்தாலிய மொழியின் வினைச்சொற்கள் மிகப் பொருத்தமான சான்றுகளாம்.

இத்தாலியத்தை ஈண்டு எடுத்துக்கொண்டமைக்கு வேறொரு காரணமும் உண்டு. இத்தாலிய நாட்டில் 1680-இல் பிறந்து, தமிழகம் போந்து, 1730-இல் தொன்னூல் விளக்கம் இயற்றிய வீரமாமுனிவர், நம் மொழியை எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் நம் மரபின்வழி நின்றே விளக்கினார். அவர் நாட்டு மொழியை நம் இலக்கணக் கருவிகளைக் கொண்டு நோக்கின், அவை எத்துணைப் பொருந்தும், எவ்விடத்துப் பொருந்தா என்பதை ஆராய்தல் நம் கருவிகளின் ஆற்றலையே ஆராய்தலாகும். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என நன்னூலார் வகுத்த அறுவகை உறுப்புகளையும் உளங்கொண்டு இக்கட்டுரையை வரைகின்றோம்.

இத்தாலியச் சொற்களைத் தமிழெழுத்தால் எழுதுமிடத்து ஒரு முறையை மேற்கொண்டுள்ளோம். அம்மொழியில், சொல்லின் ஈறல்லாத இடத்தில் அழுத்தம் பெற்று, மெய்யால் அடைபடாது நிற்கும் அசையின் உயிர் மட்டுமே நீண்டு ஒலிக்கும். ஏனை உயிர்கள் குறுகி ஒலிக்கும். ஆதலின் அந்நீட்சியை மட்டுமே நெடிலால் காட்டினோம். சொல்லிறுதியில் எகர ஒகரங்கள் வருதல் தமிழ்வழக்கில் அரிதாயினும், ஒலிப்பின் உண்மை நோக்கி அவற்றையும் எழுதினோம். வல்லெழுத்துகளின் ஒலிப்புடைமை, ஒலிப்பின்மை வேறுபாட்டை நம் எழுத்துக் காட்டாது. அது நம் ஆராய்ச்சிக்கு இடையூறு செய்வதன்று.

அசை என்னும் குறியீடு

அசை என்னும் சொல்லை யாப்பிலக்கணத்தார் வழங்கும் பொருள் வேறு. மொழிநூலார் வழங்கும் பொருள் வேறு. 'நடந்தான்' என்னும் சொல் யாப்பில் 'நடந்-தான்' என நிரையும் நேருமாகப் பிரியும். ஒலிநோக்கில் அது 'ந-டந்-தான்' என மூன்றாகப் பிரியும். உயிர் ஒவ்வொன்றும் ஓர் அசைக்கு உள்ளீடாதலின் என்க. நிரையசை என்பது ஒலிநோக்கில் ஈரசைகளின் தொகுதியே. உறுப்பு நோக்கிலோ 'நட + த்(ந்) + த் + ஆன்' எனப் பகுதியும், சந்தியும், அதன் விகாரமும், இடைநிலையும், விகுதியுமாக அதே சொல் பிரியும். ஒரே சொல்லுக்கு இவ்வாறு மூவகைப் பிரிப்பு உளவாதல் காண்க. இக்கட்டுரையில் அசை என யாம் கூறுவது ஒலியசையையே குறிக்கும்.

'தான்' என்னும் அசையை நோக்குக. அதிலுள்ள தகர மெய் இடைநிலைக்கு உரியது. ஆகாரமும் னகர ஒற்றும் விகுதிக்கு உரியன. 'தா' என்னும் ஒரே உயிர்மெய்யெழுத்தினுள் ஈருறுப்புகளின் எல்லை மறைந்து கிடக்கின்றது. நடந்தான், நடந்தாள், நடந்தார் என்பவற்றைச் செவியளவில் ஒப்பிடும் ஒருவன் தான், தாள், தார் என்பவற்றையே விகுதிகள் எனக் கொள்வான். நம் இலக்கணத்தார் உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரித்துக் கண்டமையாலன்றோ ஆன், ஆள், ஆர் என்னும் உண்மை விகுதிகள் புலனாயின! இந்நுட்பத்தை உடன்கொண்டே இத்தாலியத்துட் புகுதல் வேண்டும்.

இத்தாலிய அசைப்பிரிப்பு

இத்தாலியத்தின் அசைப்பிரிப்பு விதிகள் சிலவே. ஈருயிர்க்கு இடையே தனிமெய் நிற்பின் அது பின்னுள்ள உயிரொடு சேரும். 'காண்' என்னும் பொருளுடைய 'வெதேரெ' என்பது வெ-தே-ரெ எனப் பிரியும். மெய் இரட்டித்து நிற்பின் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகப் பிரியும். 'வை' என்னும் பொருளுடைய 'மெத்தெரெ' என்பது மெத்-தெ-ரெ என்றாகும். லகர ரகரங்களும் மூக்கொலிகளும் பிறமெய்க்கு முன் நிற்பின் முன்னசையின் ஈறாம். 'பேசு' என்னும் பொருளுடைய 'பர்லாரெ' பர்-லா-ரெ எனவும், 'பாடு' என்னும் பொருளுடைய 'கந்தாரெ' கன்-தா-ரெ எனவும் பிரியும். பிறமெய்க்குப் பின் லகரமோ ரகரமோ வரின் இரண்டும் கூடிப் பின்னசையின் முதலாம். 'திற' என்னும் பொருளுடைய 'அப்ரீரெ' அ-ப்ரீ-ரெ எனப் பிரியும்.

ஸகரம் பிறமெய்க்கு முன் நிற்குமிடத்து எழுத்து வழக்கும் ஒலிவழக்கும் மாறுபடுகின்றன. 'தங்கு' என்னும் பொருளுடைய 'ரெஸ்தாரெ' என்பதை வரியிறுதியில் மடக்கி எழுதுவோர் ரெ-ஸ்தா-ரெ எனப் பிரிப்பர். பள்ளி இலக்கணம் கற்பிப்பதும் அதுவே. ஆயின் 'தங்குகிறேன்' என்னும் 'ரெஸ்தொ'வில் முதலசை அழுத்தம் பெற்றும் நீளவில்லை. அவ்வசை உண்மையில் திறந்த அசையாயின் 'ரேஸ்தொ' என நீண்டிருத்தல் வேண்டும். நீளாமையின், ஸகரம் முன்னசையை அடைத்து நிற்கின்றது என்பதும், ஒலிப்பிரிப்பு ரெஸ்-தொ என்பதும் பெறப்படும். எழுத்தசையும் ஒலியசையும் ஒன்றென நம்புதல் தகாது என்பதற்கு இஃதொன்றே சாலும்.

வினையின் உறுப்புகள்

இத்தாலிய வினைகள் அவற்றின் தொழிற்பெயர் வடிவு நோக்கி மூவினமாகப் பகுக்கப்படும். 'ஆரெ' ஈற்றன ஓரினம். 'எரெ' ஈற்றன ஓரினம். 'ஈரெ' ஈற்றன ஓரினம். பர்லாரெ (பேசுதல்), க்ரேதெரெ (நம்புதல்), தொர்மீரெ (உறங்குதல்) என்பன முறையே எடுத்துக்காட்டுகள். இவற்றின் இறந்தகாலத் தொடர்வினையை நோக்கின் உறுப்புகள் தெளிவுறும். 'பேசிக்கொண்டிருந்தேன்' என்பது பர்லாவொ; 'நம்பியிருந்தேன்' என்பது க்ரெதேவொ; 'உறங்கிக்கொண்டிருந்தேன்' என்பது தொர்மீவொ.

இம்மூன்றிலும் பகுதிகள் பர்ல், க்ரெத், தொர்ம் என்பன. இறுதி ஒகரம் தன்மை ஒருமை விகுதி. வகரம் காலம் காட்டும் இடைநிலை. இடையே நிற்கும் அகர எகர இகரங்கள் காலமும் காட்டா, இடமும் காட்டா, இன்ன வினை இன்ன இனத்தது என்பதை மட்டுமே காட்டும். இதனை யாம் இனவுயிர் எனக் குறிப்போம். இதனைச் சாரியை எனலாமோ எனின், ஆகாது. 'நடந்தனன்' என்புழி வரும் 'அன்' சாரியை இடைநிலைக்கும் விகுதிக்கும் நடுவே நிற்பது. அது வாராதொழியினும் சொல் நிரம்பும். இத்தாலிய இனவுயிரோ பகுதியை ஒட்டி நிற்பது. அஃது இன்றேல் தொடர்வினை நிரம்பாது. நம் ஆறுறுப்புகளுள் அடங்காத ஓருறுப்பு இஃது என ஒப்புக்கொள்ளலே நேர்மையாம்.

இனி அசையையும் உறுப்பையும் அருகருகே வைத்துக் காண்போம். பர்லாவொ என்பது அசையால் பர்-லா-வொ, உறுப்பால் பர்ல்-அ-வ்-ஒ. மூன்று அசைகள், நான்கு உறுப்புகள். பகுதியின் ஈற்று லகரம் இரண்டாம் அசையின் முதலாயிற்று. இடைநிலையாகிய வகரம் விகுதியொடு கூடி ஓரசையாயிற்று. நிகழ்காலத்தில் பர்லொ (பேசுகிறேன்), பர்லி (பேசுகிறாய்), பர்ல (பேசுகிறான்) என வருவனவற்றை அசையால் பிரிப்பின் லொ, லி, ல என்பன ஈறுகளாகத் தோன்றும். அவற்றை விகுதி எனக் கொள்வோன், தான், தாள், தார் என்பவற்றை விகுதி எனக் கொண்டவனை ஒப்பான். 'பாடுகிறேன்' என்னும் கந்தொ, 'உறங்குகிறேன்' என்னும் தொர்மொ என்பவற்றொடு ஒப்பிட்ட பின்னரே லகரம் பகுதியினது என்பதும், ஒகரமே விகுதி என்பதும் துணியப்படும். அசை செவியால் அறியப்படுவது. உறுப்பு ஒப்பீட்டால் அறியப்படுவது.

தொடர்வினையின் இடைநிலை வகர மெய்யா, 'வ' என்னும் உயிர்மெய்யா என்னும் ஐயம் எழலாம். படர்க்கை ஒருமையில் பர்லாவ எனவும், தன்மைப் பன்மையில் பர்லவாமொ எனவும் வருதலின், 'வ' எனக் கொண்டு, ஒகர இகர விகுதிகளின் முன் அகரம் கெட்டது எனல் பொருந்தும். இவ்விடத்து வரலாறும் துணைசெய்கின்றது. பண்டை இத்தாலியத்தில் தன்மை ஒருமையும் பர்லாவ என்றே வழங்கிற்று, விகுதி புலப்படவில்லை. நிகழ்காலத்துப் பர்லொ என்பதை ஒப்பவே பிற்காலத்தில் ஒகரம் ஏறிற்று. அலெஸ்ஸாந்த்ரொ மன்ஸோனி தம் பெருநாவலைத் திருத்தி 1840 முதல் மீண்டும் வெளியிட்டபொழுது, பழைய அகர ஈற்றை விலக்கி, ஃபுளோரன்ஸ் நகரத்துப் பேச்சு வழக்கிலிருந்த ஒகர ஈற்றையே மேற்கொண்டார்.

விகுதி இடத்தையும் எண்ணையும் காட்டுமேயன்றி ஆண்பால் பெண்பால் காட்டாது. பர்ல என்பது 'பேசுகிறான்', 'பேசுகிறாள்' என இரண்டற்கும் பொது. எனினும் விகுதியாலேயே எழுவாய் விளங்குதலின், நம் மொழியிற் போலவே எழுவாய் தோன்றாது நிற்றல் இத்தாலியத்தில் பெருவழக்கு.

அழுத்தமும் உறுப்பும்

பர்லொ எனில் 'பேசுகிறேன்' என்பது பொருள். அழுத்தம் முதலசையில் விழும். அழுத்தம் ஈற்றசைக்கு மாறின் 'பேசினான்' என்பது பொருளாம். எழுத்தளவிலும் அசையளவிலும் இரண்டும் ஒன்றே. ஈற்றழுத்தத்தைக் காட்ட எழுத்தின்மேல் ஒரு கோடு இடுவர். முன்னதில் ஒகரம் தன்மை விகுதி மட்டுமே. பின்னதிலோ அவ்வொகரம் இலத்தீனின் 'ஆவித்' என்னும் ஈறு குறுகியதனால் தோன்றியது. இனவுயிர், காலம், இடம் ஆகிய மூன்றும் அதனுள் ஒருங்கே அடங்கின. ஈண்டு உறுப்பெல்லை காண முயலுதல் வீண். விகுதியே காலமும் காட்டும் இத்தகைய இடங்களை நன்னூலாரும் அறிந்து, இடைநிலையின்றி நிற்கும் 'உண்கு' போல்வனவற்றிற்கு விதி கூறியிருத்தல் நினைவிற்குரியது.

தன்மைப் பன்மையிலும் முன்னிலைப் பன்மையிலும் அழுத்தம் பகுதியை விட்டு நீங்கி ஈற்றயலசையில் விழும்: பர்ல்யாமொ (பேசுகிறோம்), பர்லாதெ (பேசுகிறீர்). ஒருமை மூன்றிலும் படர்க்கைப் பன்மையிலும் அது பகுதியிலேயே நிற்கும். 'தொலைபேசியில் பேசுகின்றனர்' என்னும் தெலேஃபொனனொ என்பதில் ஈற்றிலிருந்து நான்காம் அசை அழுத்தம் பெறுதல் காணலாம். ஆக, நிகழ்காலத்தின் ஆறு வடிவங்களுள் நான்கு பகுதியழுத்தம் உடையன. இரண்டு ஈற்றழுத்தம் உடையன. இந்நான்கு இரண்டு என்னும் பாகுபாடே பின்வருவனவற்றிற்கெல்லாம் திறவுகோலாம்.

பொருளற்ற ஓர் உறுப்பு

'முடித்தல்' என்னும் பொருளுடைய ஃபினீரெ என்பதன் நிகழ்கால வடிவங்கள் வருமாறு: ஃபினிஸ்கொ, ஃபினிஷ்ஷி, ஃபினிஷ்ஷெ, ஃபின்யாமொ, ஃபினீதெ, ஃபினிஸ்கொனொ. இவற்றுள் நான்கில் 'இஸ்க்' என்னும் ஓருறுப்புத் தோன்றுகின்றது. தன்மை, முன்னிலைப் பன்மைகளில் தோன்றவில்லை. இகர எகரங்களின் முன் 'ஸ்க்' என்பது 'ஷ்ஷ்' எனத் திரிதல் இவ்வினத்து விகாரம்.

இவ்வுறுப்பு இலத்தீனத்தில் தொழிலின் தொடக்கத்தைக் காட்டியது. இத்தாலியத்தில் அப்பொருள் முற்றும் ஒழிந்தது. காலமும் இடமும் எண்ணும் இனமும் காட்டாது, பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நிற்பது. நம் சாரியைக்கு மிக அணித்தாக வரும் உறுப்பு இத்தாலியத்தில் உண்டெனின் அஃது இதுவேயாம்.

இது நான்கு வடிவங்களில் மட்டும் வருதற்குக் காரணம் யாது? இஃது இல்லாவிடின் அந்நான்கிலும் அழுத்தம் பகுதியின்மேல் விழும். 'இஸ்க்' வந்து அழுத்தத்தைத் தான் ஏற்றுக்கொள்ளுதலின், பகுதியாகிய 'ஃபின்' ஆறு வடிவங்களிலும் அழுத்தமின்றி ஒரே தன்மையதாய் நிற்கின்றது. ஆயின் தொர்மீரெ போன்ற சில வினைகள் இவ்வுறுப்பை ஏலாது தொர்மொ எனப் பகுதியழுத்தம் பெற்றே வருதலின், அழுத்தம் இவ்வுறுப்பு எவ்விடத்து வரும் என்பதை விளக்குமேயன்றி, எவ்வினைக்கு வரும் என்பதை விளக்காது. 'ஈரெ' ஈற்று வினைகளுட் பெரும்பாலன இதனை ஏற்பனவே.

இதே நான்கு இரண்டு பாகுபாடு பகுதிகளே வேறுபடும் வினைகளிலும் காணப்படுதல் வியப்புக்குரியது. 'செல்லுதல்' என்பது அந்தாரெ. அதன் நிகழ்காலம் வாதொ, வாய், வ, அந்த்யாமொ, அந்தாதெ, வன்னொ என நடக்கும். நான்கில் ஒரு பகுதி. இரண்டில் மற்றொரு பகுதி. 'வெளியேறுதல்' என்னும் உஷ்ஷீரெ என்பதும் எஸ்கொ, எஷ்ஷி, எஷ்ஷெ, எஸ்கொனொ என நான்கில் எகரமுதலாகவும், உஷ்ஷாமொ, உஷ்ஷீதெ என இரண்டில் உகரமுதலாகவும் வரும். உரோமானிய மொழிகள் பலவற்றில் இவ்வமைப்புக் காணப்படுதலை ஆராய்ந்த மார்ட்டின் மெய்டன் இதற்குத் தனிப்பெயரே இட்டு, இது பொருளாலன்றி வடிவ அமைப்பால் நிலைபெறுவது எனக் கொண்டார்.

அசையால் பகுதி திரிதல்

இதுகாறும் கூறியவற்றால் அசையெல்லையும் உறுப்பெல்லையும் வேறெனக் கண்டோம். அங்ஙனமாயின் உறுப்பாராய்ச்சி செய்வோன் அசையை அறவே புறக்கணிக்கலாமோ எனின், புறக்கணித்தலாகாது. உறுப்பின் எல்லையை அசை காட்டாதாயினும், உறுப்பின் வடிவை அஃது ஆளுகின்றது.

'வருதல்' என்னும் வெனீரெ என்பதை நோக்குக. 'வருகிறேன்' வெங்கொ; 'வருகிறாய்' வ்யேனி; 'வருகிறோம்' வென்யாமொ. ஒரே பகுதி 'வெங்', 'வ்யேன்', 'வென்' என மூவகையாயிற்று. இதன் காரணம் அசையே. இலத்தீனின் குற்றெகரம், அழுத்தம் பெற்ற திறந்த அசையில் நிற்பின் இத்தாலியத்தில் யகரம் முற்பட்ட எகரமாகும். வ்யே-னி என்பதில் முதலசை அழுத்தமும் பெற்றது; திறந்தும் நின்றது; ஆதலின் திரிந்தது. வெங்-கொ என்பதில் அழுத்தம் உண்டு, ஆயின் அசை மூக்கொலியால் அடைபட்டது, ஆதலின் திரியவில்லை. வெ-ன்யா-மொ என்பதில் அசை திறந்தது, ஆயின் அழுத்தம் இல்லை, ஆதலின் திரியவில்லை. ஒகரத்திற்கும் இவ்விதி உண்டு. 'இறத்தல்' மொரீரெ, 'இறக்கிறான்' ம்வோரெ, 'இறந்தவன்' மொர்தொ. மொர்-தொ என்பதன் முதலசை ரகரத்தால் அடைபட்டமையின் அழுத்தம் பெற்றும் ஒகரம் மாறாது நின்றது.

தமிழில் இதனை ஒப்ப எண்ணத்தக்கன சில உள. நோவான், நொந்தான், வேவான், வெந்தான் என வருமிடத்து, திறந்த அசையில் நெடிலாய் நின்ற பகுதி, மெய்யால் அடைபட்ட அசையில் குறிலாயிற்று. இதனை விகாரம் என நம் இலக்கணம் அமைக்கும். ஆயின் சேர்ந்தான், மேய்ந்தான் என அடைபட்ட அசையிலும் நெடில் நிலைத்தலின், இத்தாலியத்திற் போன்ற பொதுவிதியாக இதனைக் கூறுதல் இயலாது. ஒப்புமையின் எல்லையை அறிதலும் ஒப்பிலக்கணத்தின் கடமையே.

மேலும், இத்தாலிய வினைகள் தம்முள் ஒப்புமை நாடித் திரிபைக் களைதலும் உண்டு. 'அசைத்தல்' என்னும் பொருளுடைய ம்வோவெரெ என்பதன் தன்மைப் பன்மை முன்பு மொவ்யாமொ என வழங்கிற்று. அழுத்தமின்மையின் அதுவே முறை. இக்காலத்து ம்வொவ்யாமொ எனத் திரிந்த பகுதியே பெரும்பாலும் அங்கும் வழங்குகின்றது.

வினையொடு ஒட்டும் பெயர்

ஏவல் வினையொடு 'எனக்கு', 'அவனை' முதலிய பொருள் தரும் சிறுசொற்கள் ஒட்டி வருதல் இத்தாலிய இயல்பு. 'சொல்' என்னும் பொருளுடைய 'தி' என்பதொடு 'எனக்கு' என்னும் 'மி' சேரின் 'திம்மி' என மகரம் இரட்டும். அவ்வாறே 'கொடு' என்னும் 'த' என்பதொடு சேரின் 'தம்மி' என்றாகும். அழுத்தம் பெற்ற குற்றுயிர் ஈற்று ஓரசைச் சொல்லின் முன் வருமெய் மிகுதல் இதன் விதி. நம் மொழியில் அகரச் சுட்டின் முன் மலை என்னும் சொல் வந்து 'அம்மலை' என மெய் மிகுதலை இஃது ஒத்துள்ளது. திம்-மி என அசை பிரியும். தி-மி என உறுப்புப் பிரியும். மிக்க மகரம் எவ்வுறுப்புக்கும் உரியதன்று. சந்தி என நம்மவர் தனியுறுப்பாக வைத்தது இதற்கு முற்றும் பொருந்துகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் போந்த முடிவுகள் மூன்று. முதலாவது, அசையெல்லையும் உறுப்பெல்லையும் வெவ்வேறு ஆராய்ச்சியால் காணப்படுவன. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் துணிதல் கூடாது. இரண்டாவது, எல்லையால் வேறாயினும், அசையின் திறப்பும் அடைப்பும் அழுத்தமும் உறுப்பின் வடிவை மாற்றுவன. ஆதலின் விகாரத்திற்குக் காரணம் கூறப் புகுவோன் அசையை அறிந்தேயாதல் வேண்டும். மூன்றாவது, நம் பதவியற் கருவிகளுள் பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, விகாரம் என்பன இத்தாலிய வினைக்கு நன்கு பொருந்துவன. சாரியை ஓரிடத்து அணித்தாக வருவது. இனவுயிர்க்கு நம்பால் பெயரில்லை.

பிறமொழியை ஆராயும் தமிழ் மாணவர் நம் குறியீடுகளை வழங்க அஞ்சவேண்டுவதில்லை. பொருந்தாவிடத்து வலிந்து பொருத்தவும் வேண்டுவதில்லை. 'தா' என்னும் ஓரெழுத்தினுள் ஈருறுப்பைக் கண்ட நுண்ணோக்கே நம் இலக்கணத்தார் நமக்கு விட்டுச்சென்ற செல்வம். குறியீடு பொருந்தாத மொழியிலும் அந்நோக்குப் பயன்படும் என்பதே இவ்வாராய்ச்சியால் யாம் வலியுறுத்த விழைவது.